கிளஸ்டரில் நுழைய முடியாததும் பணி ஓடாததும்: தடை எந்த இடத்தில் என்று அறிவது எப்படி?

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினிக் கிளஸ்டர்களின் உதவிக் குழுக்களுக்கு ‘கிளஸ்டர் வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. அந்த வரிக்குப் பின்னால் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம், பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு நிரம்பியிருக்கலாம், கிளஸ்டரின் தனித்தனிக் கணினிகளான கணுக்கள் பராமரிப்புக்காக ஒதுக்கப்பட்டிருக்கலாம், அல்லது கேட்ட நேரத்தின் அலகைப் பயனர் தவறாக எழுதியிருக்கலாம். இவற்றுள் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே சரிசெய்யும் முயற்சியைத் தொடங்குமுன், நாம் அனுப்பிய கோரிக்கை எந்த இடம் வரை போய் நின்றது என்பதை அறிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை பெரும்பாலும் சிறியது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையையே இந்தக் கட்டுரை விளக்குகிறது.

## அடிப்படை: ஒரு கோரிக்கை கடக்கும் பாதை

சாதாரணக் கணினிகளை வலையமைப்பால் இணைத்து ஒரே பெருங்கணினியைப் போல இயக்கும் முறை, 1994இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் உருவாக்கிய பியோவுல்ஃப் தொகுதிக்குப் பிறகு பரவலாயிற்று. இன்றைய கிளஸ்டர்கள் அளவில் பல மடங்கு பெரியவை என்றாலும், பயனரின் பார்வையில் அவற்றின் உறுப்புகள் நான்குதான்.

1. உள்நுழைவுக் கணு. வெளியிலிருந்து வரும் பயனர் முதலில் வந்து சேரும் கணினி இது. கோப்புகளைத் திருத்தவும் பணிகளை, அதாவது கிளஸ்டர் ஓட்டித் தர வேண்டிய கணக்கீடுகளை, அனுப்பவும் இது இருக்கிறது. பெரிய கணக்கீடுகளை ஓட்டுவதற்கு அல்ல.
2. ஷெட்யூலர். யாருடைய பணி, எப்போது, எந்தக் கணுவில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள். இப்போது பரவலாக இருப்பது ஸ்லர்ம். பிபிஎஸ் என்ற மற்றொரு ஷெட்யூலரின் வழிவந்தவையும் பல இடங்களில் உள்ளன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் ஸ்லர்மைச் சார்ந்தவை.
3. கணிப்புக் கணுக்கள். பணிகள் உண்மையில் ஓடும் இடம். பொதுவாக இவற்றுக்குள் பயனர் நேரடியாக நுழைவதில்லை.
4. பகிர்வுக் கோப்பமைப்பு. எல்லாக் கணுக்களுக்கும் ஒரே மாதிரித் தெரியும் சேமிப்பிடம். ஹோம் அடைவு இதில்தான் இருக்கும்.

இந்த நான்கில் ஒன்று நின்றாலும் பயனருக்குத் தெரிவது ‘வேலை செய்யவில்லை’ என்பது மட்டுமே. நான்காவது உறுப்பு மற்ற மூன்றிலும் ஊடுருவி நிற்பதால், கோப்பமைப்பில் ஏற்படும் கோளாறு சில நேரம் நுழைவுக் கோளாறாகவும் சில நேரம் பணிக் கோளாறாகவும் வேடம் கட்டி வருகிறது. பயனர்களை மிகவும் குழப்புவது இதுவே.

## உள்நுழைவு: செய்தி சொல்லும் இடம்

கிளஸ்டருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நெறிமுறையை, தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் 1995இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் எழுதினார். கிளஸ்டர்களில் இன்று பெரும்பாலும் இருப்பது ஓபன்எஸ்எஸ்எச் என்ற வடிவம். அது தரும் பிழைச் செய்திகள் சுருக்கமானவை; ஆனால் ஒவ்வொன்றும் பாதையின் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டுகிறது. அவற்றைப் பாதையின் வரிசையிலேயே பார்க்கலாம்.

1. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி. கோரிக்கை நம் கணினியை விட்டே வெளியேறவில்லை. பெயரில் எழுத்துப் பிழை இருக்கும், அல்லது அந்தப் பெயர் நிறுவனத்தின் உள்வலையில் மட்டுமே அறியப்பட்டதாக இருக்கும். வெளியிலிருந்து அந்த உள்வலையில் நம்மைச் சேர்க்கும் விபிஎன் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’. கோரிக்கை வெளியேறியது, ஆனால் பதிலே வரவில்லை. இடையில் ஒரு தீச்சுவர் (ஃபயர்வால்) அதை விழுங்கிவிட்டது, அல்லது எதிர்ப்பக்கக் கணினி அணைந்திருக்கிறது. கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்த நிலையில் கடவுச்சொல்லை மாற்றுவதும் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பைப் புதிதாக உருவாக்குவதும் வீண். பின்னர் உண்மையான காரணம் நீங்கிய பிறகும் புதிய குழப்பத்தை அவை உண்டாக்கும்.

3. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. எதிர்ப்பக்கக் கணினி உயிரோடு இருக்கிறது. ஆனால் வழக்கமான 22ஆம் போர்ட்டில் (சேவைக்கான வாயில் எண்ணில்) எஸ்எஸ்எச் சேவை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பராமரிப்பு நடக்கலாம், அல்லது சேவை வேறு போர்ட்டில் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: தொடர்ந்து பலமுறை தவறான கடவுச்சொல் வந்த முகவரியைத் தானாகத் தடுக்கும் மென்பொருள் பல இடங்களில் இயங்குகிறது. அதன் அமைப்பைப் பொறுத்து, தடுக்கப்பட்டவருக்கு இந்தச் செய்தியோ இதற்கு முந்தைய செய்தியோ வரும். ஓர் ஆய்வகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே பொது முகவரி வழியாக வெளியே போகுமானால், ஒருவரின் தவறான முயற்சிகளால் மற்ற எல்லாருமே தடுக்கப்படுவார்கள். ‘நேற்று வரை நுழைந்தேன், இன்று என் அறையில் ஒருவராலும் முடியவில்லை, வெளியில் இருப்பவரால் முடிகிறது’ என்றால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

4. எதிர்க்கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை. ஒவ்வோர் எஸ்எஸ்எச் சேவைக்கும் ஓர் அடையாளச் சாவி உண்டு. முதல்முறை இணையும்போது அதை நம் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை வேறொன்று வந்தால் உரத்த எச்சரிக்கை தருகிறது. உள்நுழைவுக் கணுவைப் புதிதாக நிறுவியிருந்தாலோ, ஒரே பெயருக்குப் பின்னால் வெவ்வேறு சாவிகளோடு பல கணுக்கள் இருந்தாலோ இது நிகழும். நடுவில் ஒருவர் நின்று ஒட்டுக்கேட்டாலும் இதேதான் நிகழும். எனவே பழைய பதிவை உடனே நீக்கிவிட்டு உள்ளே போவது தவறு. கிளஸ்டரை நடத்துவோர் வெளியிட்டிருக்கும் விரல்ரேகை வரியோடு (அடையாளச் சாவியின் சுருக்க வடிவத்தோடு) திரையில் வந்ததை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே பதிவை மாற்ற வேண்டும். சில நொடிகளில் முடியும் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை.

5. ‘பெர்மிஷன் டினைடு’. வலையமைப்பு, சேவை, அடையாளம் எல்லாம் சரியாக இருக்கின்றன. நம்மை மட்டும் ஏற்கவில்லை. இது தனியே விரித்துப் பேச வேண்டியது.

### அனுமதி மறுப்பின் உட்காரணங்கள்

பயனர் பெயர் தவறாக இருப்பது இதில் மிக எளிய காரணம். பெயரைக் குறிப்பிடாமல் இணைந்தால், எஸ்எஸ்எச் நம் சொந்தக் கணினியில் உள்ள பயனர் பெயரையே அனுப்பும். மடிக்கணினியில் ஒரு பெயரும் கிளஸ்டரில் வேறொரு பெயரும் வைத்திருப்பவர், சரியான கடவுச்சொல்லைத் தவறான ஆளுக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

அடுத்தது சாவிக் கோப்புகளின் அனுமதிகள். சாவிக்கு இரு பாதிகள் உண்டு: இரகசியமான தனிச்சாவி நம் கணினியிலும் பொதுச்சாவி கிளஸ்டரின் ஹோம் அடைவுக்குள் உள்ள எஸ்எஸ்எச் அடைவிலும் இருக்கும். அந்த அடைவுக்கு 700, சாவிக் கோப்புகளுக்கு 600 என்ற அனுமதி எண்களே, அதாவது உரிமையாளருக்கு மட்டுமே திறந்திருப்பவையே, பாதுகாப்பானவை. ஹோம் அடைவில் மற்றவர்களும் எழுத முடியும் என்ற நிலை இருந்தால், வழக்கமான அமைப்பில் சேவை அந்தப் பொதுச்சாவியை நம்ப மறுத்துவிடும். ஏனெனில் அங்கே எழுத முடிந்த எவரும் தம் சாவியைச் செருகியிருக்கக்கூடும். நடைமுறையில் இது இப்படி நிகழ்கிறது: ஒரு மாணவர் தம் தரவுக் கோப்புகளைச் சக மாணவருக்குத் திறந்துவிட எண்ணி, ஹோம் அடைவு முழுவதற்கும் எவரும் படிக்கவும் எழுதவும் கூடிய 777 என்ற அனுமதியைத் தருகிறார். அப்போது ஏற்கெனவே திறந்திருந்த முனையச் சாளரம் தொடர்ந்து வேலை செய்கிறது. மறுநாள் காலை புதிதாக நுழைய முயலும்போது சாவி ஏற்கப்படவில்லை. முந்தைய நாள் செய்ததை இதனோடு தொடர்புபடுத்த அவருக்குத் தோன்றுவதில்லை, தாம் எதையும் மாற்றவில்லை என்றே உண்மையாக நம்புகிறார்.

சாவியின் வகையும் காரணமாகலாம். ஓபன்எஸ்எஸ்எச் 2015இல் டிஎஸ்ஏ என்ற பழைய வகைச் சாவிகளை இயல்பமைப்பில் நிறுத்தியது. 2021இல் வந்த 8.8 பதிப்பு, ஷா-1 முறையில் கையொப்பமிடும் பழைய ஆர்எஸ்ஏ முறையையும் நிறுத்தியது. ஆகவே பல ஆண்டுகள் தொல்லையின்றி இயங்கிய சாவியோ பழைய மென்பொருளோ, ஒரு பக்கம் மட்டும் மேம்படுத்தப்பட்ட அன்று திடீரென மறுக்கப்படலாம். எட்25519 வகையில் புதிய சாவி உருவாக்கிக்கொள்வதே இதற்கு நிலையான தீர்வு.

சாவிகள் அதிகமாக இருப்பதும் ஒரு தடை. நம் கணினியில் சாவிகளை ஏந்தி வைத்திருக்கும் சாவி ஏஜெண்டில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் அவை ஒவ்வொன்றாக அனுப்பப்படும். ஒவ்வொன்றும் ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படும். இயல்பான வரம்பு 6. சரியான சாவியின் முறை வருமுன் இணைப்பே துண்டிக்கப்பட்டு, அளவுக்கு மீறிய தோல்விகள் என்ற செய்தி வரும். எந்தச் சாவியைப் பயன்படுத்த வேண்டும் என்று எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் பெயர் சொல்லிவிட்டால் இது தீரும்.

இரண்டாம் அடையாளமாகக் கைபேசிச் செயலி தரும் ஆறிலக்க எண்ணைக் கேட்கும் கிளஸ்டர்களில் கடிகாரமும் கணக்கில் வருகிறது. அந்த எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது; கைபேசியின் நேரம் ஓரிரு நிமிடம் பிசகியிருந்தால்கூட எண் பொருந்தாது. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பைக் கைபேசியில் இயக்கிவிட்டால் போதும்.

இவற்றுள் எது என்று தெரியாதபோது, எஸ்எஸ்எச் கட்டளையோடு ஹைஃபன் வி (-v) என்ற விருப்பத்தைச் சேர்த்து இயக்க வேண்டும். எந்த முகவரிக்கு இணைந்தது, எந்தச் சாவிகளை முன்வைத்தது, எதிர்ப்பக்கம் எந்த முறைகளை ஏற்கத் தயார் என்றது என ஒவ்வொரு படியும் வரிவரியாகத் திரையில் ஓடும். அதன் கடைசிப் பத்து வரிகளில் பெரும்பாலும் விடை இருக்கும்.

கடவுச்சொல்லும் சாவியும் ஒரே நாளில் எல்லாருக்கும் செல்லாமற்போகும் நிலையும் உண்டு. 2020 மே மாதத்தில், திருடப்பட்ட எஸ்எஸ்எச் நுழைவு விவரங்கள் வழியாக ஐரோப்பாவின் பல உயர்திறன் கணினி மையங்களுக்குள் ஊடுருவல் நடந்தது. எடின்பரோவின் ஆர்ச்சர் உட்படப் பல கணினிகள் பயனர் நுழைவை நிறுத்தின. ஆர்ச்சரின் பயனர்கள் அனைவருமே கடவுச்சொல்லையும் சாவியையும் புதிதாக்க வேண்டியதாயிற்று. ஒருவர் தம் தனிச்சாவியை, அதைப் பூட்டும் கடவுத்தொடர் இல்லாமல் வைத்திருப்பதும், அதையே கிளஸ்டருக்குள் நகலெடுத்து வைப்பதும் எல்லாருக்குமான இடர். இதைத் தனிப்பட்ட வசதியாக எண்ணிவிடக் கூடாது.

### ஏற்றுக்கொண்டும் உள்ளே விடாத நிலை

கடவுச்சொல் சரி என்று ஏற்கப்பட்ட பின் திரை அப்படியே உறைந்து நிற்பதும், உள்ளே சென்ற கணமே வெளியே தள்ளப்படுவதும் உண்டு. இவை அடையாளச் சோதனையில் எழும் சிக்கல்கள் அல்ல. ஹோம் அடைவையோ அதிலுள்ள தொடக்கக் கோப்புகளையோ படிக்கும்போது எழுபவை.

பகிர்வுக் கோப்பமைப்பே பதில் தராமல் நின்றால், எல்லாப் பயனர்களுக்கும் ஒரே நேரத்தில் உறைவு நேரும். காத்திருப்பதைத் தவிரப் பயனர் செய்யக்கூடியது எதுவுமில்லை. நமக்கு மட்டும் நேர்ந்தால், பேஷ்ஆர்சி போன்ற தொடக்கக் கோப்பில் அண்மையில் சேர்த்த வரிகளைச் சந்தேகிக்க வேண்டும். பைத்தான் சூழல்களைத் தானாக இயக்கும் வரிகள், இப்போது இல்லாத கோப்பைத் தேடும் வரிகள், நிரலை முடித்துவிடும் கட்டளை ஆகியவை வழக்கமான காரணங்கள். உறைந்து நிற்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் பல நேரங்களில் அந்தக் கோப்பின் ஓட்டம் அறுந்து, கட்டளைக் குறி கிடைத்துவிடும். அந்தக் கோப்பு திரையில் ஏதேனும் எழுத்தை அச்சிட்டால், முனையத்தில் நுழைவது சரியாக நடந்தாலும் கோப்புப் பரிமாற்றம் மட்டும் முறியும் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மற்றொரு காரணம் கோட்டா. ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட சேமிப்பு வரம்பு பல இடங்களில் இரு வகையில் அளக்கப்படுகிறது: மொத்தக் கொள்ளளவு ஒன்று, கோப்புகளின் எண்ணிக்கை மற்றொன்று. பைத்தான் போன்றவற்றின் தொகுப்புகளை நிறுவ உதவும் கோண்டா என்ற கருவியின் சூழல்கள் பல்லாயிரக்கணக்கான சிறு கோப்புகளை உண்டாக்குபவை. ஆகவே இடம் பாதிக்கு மேல் காலியாக இருக்கையிலேயே எண்ணிக்கை வரம்பு நிரம்பிவிடும். நிரம்பிய அடைவில் விஎஸ் கோட் போன்ற தொலைத்திருத்திகள் தம் துணை நிரலை நிறுவ முடியாமல் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்டு நிற்கும். சாதாரண எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தால், சிக்கல் கடவுச்சொல்லில் இல்லை என்பது உடனே விளங்கும்.

## பணி அனுப்புதல்: நான்கு வேறு தோல்விகள்

‘பணி ஓடவில்லை’ என்பதும் ஒரே நோய் அல்ல. பணி ஏற்கப்படாமலே திருப்பப்பட்டதா, ஏற்கப்பட்டு வரிசையில் நிற்கிறதா, தொடங்கிய உடனே மறைந்ததா, ஓடிக்கொண்டிருந்தது கொல்லப்பட்டதா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பணியை அனுப்பும் எஸ்-பேட்ச் (sbatch) கட்டளை ஒரு பணி எண்ணைத் தந்திருந்தால் முதல் வகை நீங்கிவிடுகிறது.

### அனுப்பும்போதே மறுப்பு

இங்கே செய்தி உடனே திரையில் வருவதால் காரணம் காண்பது எளிது. கணக்கும் பார்ட்டிஷனும் பொருந்தவில்லை என்று வந்தால், பணியை எந்தத் திட்டக் கணக்கில் எழுத வேண்டும் என்பது தவறாகவோ சொல்லப்படாமலோ இருக்கிறது. பார்ட்டிஷன் என்பது ஒரே தன்மையுள்ள கணுக்களின் தொகுப்பு. எல்லாக் கணக்குகளுக்கும் எல்லாத் தொகுப்புகளிலும் உரிமை இருப்பதில்லை.

கேட்ட அமைப்பில் கணுவே இல்லை என்ற மறுப்பு பலரைத் திகைக்க வைக்கிறது. கணுவுக்கு 128 ஜிபி நினைவகம் என்று ஆவணத்தில் படித்து, பணியில் சரியாக 128 ஜிபி கேட்கிறார்கள். இயங்குதளத்துக்கும் பிற சேவைகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதால் ஷெட்யூலரின் கணக்கில் அந்தக் கணுவில் சற்றுக் குறைவாகவே இருக்கும்; எனவே எந்தக் கணுவும் தகுதி பெறுவதில்லை. கணுக்களின் விவரம் தரும் எஸ்-இன்ஃபோ (sinfo) கட்டளை காட்டும் எண்ணையே வரம்பாகக் கொள்ள வேண்டும்.

பணியின் கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டை விண்டோஸ் கணினியில் எழுதி அப்படியே அனுப்பினால், வரிமுடிவுக் குறிகள் டாஸ் முறையில் உள்ளன என்று ஸ்லர்ம் திருப்பிவிடும். டாஸ்2யுனிக்ஸ் என்ற கருவி அதைச் சரிசெய்யும். ஸ்கிரிப்டின் முதல் வரி எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லும் வரியாக இல்லாவிட்டாலும் மறுப்பு வரும்.

ஷெட்யூலரிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்ற செய்தியில்தான் மிகுந்த கவனம் தேவை. பதில் வராததால் பணி ஏற்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஷெட்யூலர் பணியைப் பதிவு செய்துவிட்டு, பதில் அனுப்பத் தாமதித்திருக்கலாம். வரிசையைக் காட்டும் எஸ்-க்யூ (squeue) கட்டளையில் நம் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மீண்டும் மீண்டும் அனுப்பினால், ஒரே பணி பலமுறை ஓடி, ஒரே வெளியீட்டுக் கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிவிடும். ஆயிரக்கணக்கான பணிகளைச் சுழல் நிரலால் ஒவ்வொன்றாக அனுப்புவதும், எஸ்-க்யூவை நொடிக்கு ஒருமுறை இயக்குவதுமே இந்தத் தாமதத்துக்குப் பல நேரம் காரணமாகின்றன. அதற்கு மாற்றாக, ஒரே மாதிரியான பல பணிகளை ஒரே கட்டளையில் அனுப்பும் பணி அடுக்கு என்ற வசதி இருக்கிறது. ஸ்லர்மின் இயல்பமைப்பில் ஓர் அடுக்கின் உச்சச் சுட்டெண் 1000.

### வரிசையில் நிற்றல்

வரிசையில் நிற்பது தன்னளவில் கோளாறு அல்ல. எஸ்-க்யூவின் கடைசிப் பத்தியில், பணி ஏன் நிற்கிறது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லைப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்தாலே, உதவிக் குழுவுக்கு எழுதப்படும் கடிதங்களில் பல தேவையற்றுப் போகும் என்பது என் உறுதியான எண்ணம். அச்சொற்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. காத்திருந்தால் தீர்பவை. ‘ரிசோர்சஸ்’ என்றால் அடுத்த முறை நம்முடையது, கணு காலியாக வேண்டும். ‘பிரையாரிட்டி’ என்றால் நமக்கு முன் உயர்ந்த முன்னுரிமையுள்ள பணிகள் நிற்கின்றன. முன்னுரிமை வெறும் வருகை வரிசையால் அமைவதில்லை. பல கிளஸ்டர்களில் அண்மையில் அதிகம் பயன்படுத்தியவரின் முன்னுரிமை குறைக்கப்படுகிறது. ஸ்லர்மின் இயல்பமைப்பில் பழைய பயன்பாட்டின் எடை 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.
2. நாம் மாற்றினால் தீர்பவை. பார்ட்டிஷன் அனுமதிக்கும் நேரத்துக்கு மேல் கேட்டது, நாமே நிறுத்தி வைத்தது, சார்ந்திருக்கும் முந்தைய பணி தோற்றது ஆகியவை இவ்வகை. முந்தைய பணி வெற்றி பெற்றால் மட்டுமே தொடங்கு என்று கட்டியிருந்து அது தோற்றுவிட்டால், பல இடங்களில் இந்தப் பணி என்றென்றும் வரிசையில் கிடக்கும்.
3. வேறொருவர் தலையிட்டால் மட்டுமே தீர்பவை. திட்டக் கணக்கின் மொத்த நேர ஒதுக்கீடு முடிந்துபோனது, நிர்வாகி நிறுத்தி வைத்தது ஆகியன. ஒதுக்கீடு குழு முழுவதற்கும் பொதுவாக இருந்தால், தாம் ஒரு மணி நேரம்கூடப் பயன்படுத்தாத ஆய்வாளருக்கும் இந்தத் தடை வரும்.

இவற்றோடு, கேட்ட கணு கிடைக்கவில்லை, பராமரிப்புக்காக ஒதுக்கப்பட்டது என்ற காரணமும் வரும். கிளஸ்டர் இப்போது இயங்கிக்கொண்டிருக்கிறது, கணுக்கள் காலியாகவும் தெரிகின்றன, பிறருடைய பணிகள் தொடங்குகின்றன, நம்முடையது மட்டும் அசையவில்லை. பராமரிப்பு வியாழன் காலை 8 மணிக்குத் தொடங்குகிறது என்று கொள்வோம். செவ்வாய் மாலையில் 3 நாள் நேரம் கேட்டு அனுப்பிய பணி அதற்குள் முடியாது என்பதால் ஷெட்யூலர் அதைத் தொடங்குவதில்லை. அதே பணி உண்மையில் 20 மணி நேரத்தில் முடியக்கூடியதாக இருந்து, 24 மணி நேரம் மட்டும் கேட்டிருந்தால், அன்றிரவே தொடங்கியிருக்கும்.

குறைந்த நேரம் கேட்பதால் மற்ற நாட்களிலும் இதே நன்மை உண்டு. பெரிய பணி ஒன்றுக்காகக் கணுக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி நிற்கும் இடைவெளியில், அதைத் தாமதப்படுத்தாமல் முடிந்துவிடக்கூடிய சிறிய பணிகளை ஷெட்யூலர் உள்ளே செருகுகிறது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உச்ச நேரத்தையே கேட்கும் பழக்கம் அந்த வாய்ப்பை முழுவதும் இழக்கச் செய்கிறது.

### தொடங்கிய உடனே மறைதல்

பணி எண் கிடைத்தது; சில நொடிகளில் எஸ்-க்யூவில் பணியைக் காணவில்லை; வெளியீட்டுக் கோப்பும் இல்லை. பெரும்பாலும் காரணம் இதுதான்: வெளியீட்டுக் கோப்பை ஒரு துணை அடைவுக்குள் எழுதுமாறு ஸ்கிரிப்டில் சொல்லியிருக்கிறோம், அந்த அடைவு இல்லை. ஸ்லர்ம் அதைத் தானாக உருவாக்குவதில்லை. எழுத இடமில்லாததால் பணி தோற்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய செய்திக்கும் எழுத இடமில்லை. அடைவை முன்கூட்டியே உருவாக்கிவிட்டு அனுப்புவது ஒன்றே தீர்வு. கோட்டா நிரம்பியிருந்தாலும் இதே தோற்றம் உண்டாகும்.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் சூழல் மாறிகள் இருக்கின்றன. ஸ்லர்ம் இயல்பாக, பணியை அனுப்பிய முனையத்தின் சூழலையே பணிக்குள் எடுத்துச் செல்கிறது. நேற்று அந்த முனையத்தில் கையால் ஏற்றிய கம்பைலரும் நூலகங்களும் பணிக்குள் போயின. இன்று புதிய முனையத்தில் அவை இல்லை. ஸ்கிரிப்டை மாற்றவில்லை என்று பயனர் சொல்வது உண்மைதான். ஸ்கிரிப்டுக்கு வெளியே இருந்த ஒன்றை அது நம்பியிருந்தது என்பதே குறை. தேவையான மாட்யூல்கள் (கிளஸ்டரில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருள் தொகுதிகள்) அனைத்தையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஏற்ற வேண்டும்.

ஸ்லர்முக்கான வேண்டுகோள் வரிகள், ஸ்கிரிப்டின் முதல் உண்மைக் கட்டளைக்கு முன்பே வர வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை. இடையில் ஒரு மாட்யூல் ஏற்றும் கட்டளையை எழுதிவிட்டு, அதற்குக் கீழே நினைவக வேண்டுகோளை எழுதினால், அது வெறும் குறிப்புரையாகக் கருதப்பட்டு எவ்வித எச்சரிக்கையுமின்றி விடப்படும். பிபிஎஸிலிருந்து ஸ்லர்முக்கு, அல்லது மறுதிசையில், மாறுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்லர்ம் பணியை அனுப்பிய அடைவிலேயே தொடங்குகிறது, பிபிஎஸ் ஹோம் அடைவில் தொடங்குகிறது. உள்ளீட்டுக் கோப்பு கண்ணெதிரே இருக்க, கோப்பு இல்லை என்ற பிழை வருவது இதனால்தான்.

### ஓடிக்கொண்டிருந்தது கொல்லப்படுதல்

முடிந்த பணி எஸ்-க்யூவில் நெடுநேரம் தெரியாது. இயல்பமைப்பில் சுமார் 5 நிமிடங்களுக்குப் பின் ஷெட்யூலரின் நினைவிலிருந்தே போய்விடும். அதன் பிறகு, முடிந்த பணிகளின் பதிவைக் காட்டும் எஸ்-அக்ட் (sacct) கட்டளையே துணை. அதில் காணும் நிலைச்சொல் ‘டைம்அவுட்’ ஆனால் நேரம் போதவில்லை. ‘அவுட் ஆஃப் மெமரி’ ஆனால் நினைவகம் போதவில்லை. பணியின் முடிவுக் குறியீடு 137 என்றிருந்தால், அது 128உடன் 9ஐக் கூட்டியது. 9ஆம் எண் சைகையால் நிரல் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது என்று பொருள், பெரும்பாலும் நினைவகம் மீறியதால்.

இந்த இரு மரணங்களுக்கும் அலகுக் குழப்பம் காரணமாவது மிகச் சாதாரணம். ஸ்லர்மில் நினைவகத்துக்கு எண்ணை மட்டும் எழுதினால் அது எம்பி. 16 என்று எழுதியவருக்கு 16 ஜிபி அல்ல, 16 எம்பி கிடைக்கும். பெரும்பாலான நிரல்கள் அதில் தொடங்கக்கூட முடியாது. நேரத்துக்கு 24:00 என்று எழுதினால் அது 24 மணி நேரம் அல்ல, 24 நிமிடம். ஒரு முழு நாள் வேண்டுமானால் 24:00:00 என்றோ 1-0 என்றோ எழுத வேண்டும். பணி ஒவ்வொரு முறையும் அச்சாக 24ஆம் நிமிடத்தில் சாகிறதென்றால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

எவ்வளவு நினைவகம் உண்மையில் செலவானது என்பதை எஸ்-அக்ட் காட்டும் உச்ச அளவிலிருந்து அறியலாம். ஆனால் அந்த அளவு இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. இரு அளவீடுகளுக்கு இடையே நினைவகம் ஒரு கணம் எகிறிப் பணி கொல்லப்பட்டால், வரம்புக்கு மிகக் கீழே ஒரு எண்தான் பதிவாகியிருக்கும். 64 ஜிபி கேட்டு 20 ஜிபி மட்டுமே பயன்படுத்தியதாகப் பதிவிருந்தும் நினைவகம் போதாமல் செத்தது என்றால், நிலைச்சொல்லையே நம்ப வேண்டும். உச்ச அளவை நம்பக் கூடாது.

கணிப்புக் கணுவே இடையில் பழுதாகிப் பணி முறிவதும் உண்டு. ‘நோட் ஃபெயில்’ என்ற நிலைச்சொல் அதைக் காட்டும்; அப்போது பயனர் தம் ஸ்கிரிப்டில் பிழை தேட வேண்டியதில்லை.

## உதவிக் குழுவுக்கு எழுதும்போது

மேலே சொன்னவற்றைப் பார்த்த பின்பும் இடம் தெரியாவிட்டால் உதவி கேட்பதே சரி. கடிதத்தில் இருக்க வேண்டியவை:

1. பயனர் பெயர், பணி எண், தோற்ற நேரம். பணி எண் ஒன்று இருந்தாலே நிர்வாகியால் கணு, நிலை, காரணம் அனைத்தையும் எடுத்துப் பார்க்க முடியும்.
2. எந்த உள்நுழைவுக் கணு. ஒரே பொதுப்பெயருக்குப் பின்னால் மூன்று கணுக்கள் இருந்து ஒன்று மட்டும் பழுதானால், சில முறை நுழைய முடியும், சில முறை முடியாது. கணுவின் எண் இன்றி அதைக் கண்டுபிடிப்பது கடினம்.
3. இட்ட கட்டளையும் வந்த செய்தியும், முழுமையாக, எழுத்து வடிவில் நகலெடுத்து. திரையின் படமாக (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பினால் அதிலிருந்து தேடவும் முடியாது, பாதி வரி வெட்டுப்பட்டும் இருக்கும்.
4. ஸ்கிரிப்ட் இருக்கும் முழுப் பாதை.
5. கடைசியாக எப்போது சரியாக நடந்தது, அதற்குப் பின் எதை மாற்றினோம்.

கடவுச்சொல்லையும் தனிச்சாவியையும் ஒருபோதும் அனுப்பக் கூடாது. உண்மையான உதவிக் குழு அவற்றைக் கேட்பதில்லை. தவறுதலாகத் தனிச்சாவியை இணைத்து அனுப்பிவிட்டால், அந்தக் கடிதத்தை அழிப்பதோடு நிற்காமல், அந்தச் சாவியின் பொதுப்பாதியைக் கிளஸ்டரிலிருந்து அன்றே நீக்கி, புதிய சாவி வைத்துக்கொள்ள வேண்டும்.